சீசன் நேரத்தில் பட்ஜெட் ஹோட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்த்தவன் நான். விடுமுறை சீசன் நெருங்கினாலே சொந்தக்காரர்களும் நண்பர்களும் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். என் கட்சி இதுதான்: குறைந்த விலை அறையில் தங்குவதில் ஒரு குறையும் இல்லை. கேட்க வேண்டியதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே ஹோட்டலிடம் கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

பட்ஜெட் ஹோட்டல்னா என்ன கணக்கு? ஸ்டார் பார்த்து எடுக்கலாமா?

சுத்தமான படுக்கை, உள்ளே தாழ் போட முடிகிற கதவு, தண்ணீர் ஒழுங்காக வருகிற குளியலறை. நீங்கள் கொடுக்கும் காசு இவ்வளவுக்குத்தான். மற்றதையெல்லாம் கழற்றிவிட்டுத்தான் விலையைக் குறைக்கிறார்கள். அமெரிக்காவில் சாண்டா பார்பராவில் 1962-இல் தொடங்கிய மோட்டல் 6 இதற்கு நல்ல உதாரணம். ஓர் இரவுக்கு 6 டாலர் என்ற வாடகையையே பெயரில் வைத்தார்கள். அந்த வாடகை கட்டுப்படியாக வேண்டுமே, அதனால் காசு போட்டால்தான் ஓடும் கறுப்பு வெள்ளை டிவியை அறையில் வைத்தார்கள். இன்றைக்கும் அதே கணக்குதான். துண்டு, ஹீட்டர், பார்க்கிங், தினசரி அறை சுத்தம் இவற்றில் எது வாடகைக்குள் வரும், எதற்குத் தனிக் காசு என்று ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும்.

ஸ்டாரை மட்டும் நம்ப வேண்டாம். உலகம் முழுக்க ஒரே ஸ்டார் அளவுகோல் கிடையாது. ஐரோப்பிய நாடுகள் சில சேர்ந்து 2009-இல் ஒரு பொது அளவுகோலை உருவாக்கின. மற்ற இடங்களில் அந்தந்த நாட்டு விதிதான். ஸ்டார் தருகிறவர்கள் லிஃப்ட் இருக்கிறதா, 24 மணி நேர ரிசப்ஷன் இருக்கிறதா என்று வசதிகளைத்தான் எண்ணுவார்கள். போர்வை துவைத்ததா என்பது அதில் தெரியாது. அப்புறம், புக்கிங் ஆப்பில் தங்கியவர்கள் கொடுக்கிற மதிப்பெண் வேறு, ஸ்டார் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு முன்னாடி புக் பண்ணணும்? நேரா போய் இறங்கிப் பார்த்துக்கக் கூடாதா?

சாதாரண நாளில் நேராகப் போய் ரிசப்ஷனில் பேரம் பேசலாம். சீசனில் அது வேண்டாம். விலை குறைந்த அறைகள்தான் முதலில் தீரும். கடைசியில் மிஞ்சுவது ஒன்று விலை கூடின அறை, இல்லையென்றால் யாரும் எடுக்காமல் விட்ட அறை. ராத்திரி பெட்டியும் குழந்தையுமாக வாசலில் நிற்பவரிடம் பேரம் பேசும் தெம்பு இருக்காது. அது கவுன்டருக்கு உள்ளே இருப்பவருக்கும் தெரியும்.

தேதி முடிவானதும், இலவசமாக ரத்து செய்ய முடிகிற அறை ஒன்றைப் போட்டு வைத்துவிடுங்கள். அப்புறம் நிதானமாகத் தேடலாம். ஏற்கெனவே லேட் ஆகிவிட்டது, எல்லா இடமும் நிறைந்துவிட்டது என்றால் ஒரு வழி இருக்கிறது. இலவச ரத்துக்குக் கடைசி நாள் என்று ஒன்று இருக்குமல்லவா, பெரும்பாலும் தங்கும் நாளுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு வரும். இரண்டு மூன்று இடத்தில் புக் செய்து வைத்தவர்கள் அன்றைக்குத்தான் வேண்டாததை ரத்து செய்வார்கள். அந்தச் சமயம் பார்த்து மறுபடி தேடினால் நல்ல அறைகள் திரும்பி வந்திருக்கும்.

ஒரே ரூம். காலையில ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. ஏமாத்துறாங்களா?

ஏமாற்று இல்லை, ஆனால் இதன் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கியபோது, ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைகளில் விற்கும் முறையை நிறுவனங்கள் வளர்த்தெடுத்தன. அதைப் பார்த்து ஹோட்டல்களும் பின்பற்றின. இன்றைக்கு விற்காத அறையை நாளைக்கு விற்க முடியாது. அதனால் எத்தனை அறை மிச்சம், எத்தனை நாள் பாக்கி என்பதைப் பார்த்து மென்பொருளே விலையை ஏற்றி இறக்கும். சின்ன ஹோட்டலில் அதே வேலையை மேனேஜர் கையால் செய்வார்.

ஒரே அறைக்கு ஒரே நேரத்தில் பல விலை தெரிவதற்குக் காரணம் வேறு. ஒன்றில் காலை உணவு சேர்ந்திருக்கும், ஒன்றில் ரத்து செய்தால் பணம் வராது, இன்னொன்று, குறைந்தது இரண்டு இரவு தங்கினால்தான் கிடைக்கும். விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்தால் புரிந்துவிடும். இலவச ரத்து அறை கையில் இருந்தால், இரண்டு நாளுக்கு ஒரு முறை விலையைப் பாருங்கள். இறங்கியிருந்தால் முதலில் புதிதாகப் புக் செய்துவிட்டு, பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். வரிசை மாறிவிடக் கூடாது.

ஆப்ல போடுறது நல்லதா, ஹோட்டலுக்கே போன் பண்றது நல்லதா?

ஆப்பில் தேடுங்கள், ஹோட்டலுக்குப் போன் செய்யுங்கள், அதற்குப் பிறகு எங்கே போடுவது என்று முடிவெடுங்கள். ஆப் வழியாக வரும் ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஹோட்டல் கமிஷன் கட்டுகிறது. அதனால் நேராகக் கேட்டால் சிலர் விலை குறைப்பார்கள், சிலர் காலை உணவையோ முன்கூட்டியே அறையையோ தருவார்கள். தராவிட்டாலும் போன் செய்தது வீணில்லை. போன் எடுக்கிறவர் பேசுகிற விதத்திலேயே அந்த ஹோட்டல் நடக்கிற லட்சணம் தெரிந்துவிடும். வெந்நீர் எப்போது வரும் என்ற கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாதவர், ராத்திரி 11 மணிக்கு வெந்நீர் வராதபோது என்ன செய்வார்?

ஆப்புக்கும் ஒரு பலம் உண்டு. எல்லாம் எழுத்தில் இருக்கும், தகராறு வந்தால் பேச மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பார். நேராகப் புக் செய்வதானால் பெயர், தேதிகள், அறையின் வகை, எத்தனை பேர், வரியோடு மொத்தத் தொகை, ரத்து விதி ஆகிய அனைத்தையும் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணை ஹோட்டலின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். தேடலில் முதலில் கண்ணில் படும் எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டு, அந்த எண் ஹோட்டலுடையதே இல்லை என்று வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காட்டின விலை ஒண்ணு, கட்டச் சொல்ற விலை ஒண்ணா இருக்கே?

வரி, சேவைக் கட்டணம், கூடுதல் ஆள், கூடுதல் படுக்கை, பார்க்கிங் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவின் பல நகரங்களில் சுற்றுலா வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக உண்டு. அதை அங்கே போய் ஹோட்டலில்தான் கட்ட வேண்டியிருக்கும். அமெரிக்காவில் 2025 மே 12 முதல், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையைத்தான் விளம்பரத்திலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. அதனால் பணம் கட்டுவதற்கு முந்தைய பக்கத்தில் வரும் மொத்தத்தை வைத்துத்தான் இரண்டு ஹோட்டலை ஒப்பிட வேண்டும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேன்சல் பண்ணா பணம் வருமா?

புக் செய்தபோது எந்த வகையை எடுத்தீர்களோ அதைப் பொறுத்தது. இலவச ரத்து என்றால் கெடுவுக்குள் செய்ய வேண்டும். அந்தக் கெடு ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி. வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் கடிகாரத்தில் இன்னும் அவகாசம் இருக்கும், அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். பணம் திரும்பாத வகை என்றாலும் உடனே விட்டுவிடாதீர்கள். ரத்து வேண்டாம், தேதியை மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். சீசன் நாளாக இருந்தால் அந்த அறையை வேறு ஆளுக்கு விற்க முடியும் என்பதால் பல ஹோட்டல்கள் ஒத்துக்கொள்ளும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான்கு இரவு புக் செய்துவிட்டு முதல் இரவு வராமல் இருந்தால், நீங்கள் வரவே போவதில்லை என்று எடுத்துக்கொண்டு நான்கு இரவையும் ரத்து செய்துவிடும் ஹோட்டல்கள் நிறைய. ரயில் தவறிவிட்டது, நாளைக் காலைதான் வருவோம் என்றால் அன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். யாரிடம் சொன்னீர்களோ அவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ரூமையே பார்க்கல, அதுக்குள்ள கார்டுல பணம் பிடிச்சுட்டாங்க. ஏன்?

அது பெரும்பாலும் எடுத்த பணம் இல்லை, நிறுத்தி வைத்த பணம். நீங்கள் கட்டாமல் போனாலோ அறையில் எதையாவது உடைத்தாலோ எடுத்துக்கொள்ள, வங்கி ஒரு தொகையை முடக்கி வைக்கும். கிளம்பிய பிறகு அது விடுபடும். உடனே வராது, சில நாள் ஆகலாம். கிரெடிட் கார்டில் இது கடன் வரம்பை மட்டும் குறைக்கும். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் கணக்கில் இருக்கும் சொந்தப் பணமே முடங்கும். பயணச் செலவுக்கு அதை மட்டும் நம்பி வந்தவர்கள் படும் பாடு பெரிது. எவ்வளவு முடக்குவார்கள், எப்போது விடுவார்கள் என்று செக்-இன் போதே கேளுங்கள். ரொக்கமாக முன்பணம் கொடுத்தால் ரசீது இல்லாமல் நகராதீர்கள்.

ரிவ்யூ எல்லாம் நம்பலாமா? போட்டோ பார்த்தா அரண்மனை மாதிரி இருக்கு.

ஆஹா ஓஹோ என்பதையும், திட்டித் தீர்ப்பதையும் தள்ளிவிட்டு, நடுத்தர மதிப்பெண் கொடுத்தவர்களைப் படியுங்கள். படுக்கை நல்லா இருந்தது, ஆனால் பைப்பில் தண்ணீர் நூலாக வந்தது என்று எழுதுகிறவர் அவர்தான். ஒரே குறையை மூன்று நான்கு பேர் வெவ்வேறு மாதங்களில் எழுதியிருந்தால் அது இன்னும் சரியாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். முக்கியமாக, நீங்கள் போகும் அதே சீசனில் தங்கியவர்கள் எழுதியதைத் தேடுங்கள். ஆள் இல்லாத மாதத்தில் அமைதியாக இருக்கும் ஹோட்டல், நிறைந்திருக்கும்போது லிஃப்டுக்கும் வெந்நீருக்கும் தடுமாறும்.

படத்தை அகலக் கோண லென்ஸில் எடுத்தால் சின்ன அறையும் கூடம் போல் தெரியும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம், ஜன்னல் எங்கே என்று பாருங்கள். எந்தப் படத்திலும் ஜன்னல் இல்லையென்றால் அறையிலும் இருக்காது. தங்கியவர்கள் போனில் எடுத்துப் போட்ட படங்கள்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். அறையின் சதுர அளவு கொடுத்திருந்தால் அதை உங்கள் வீட்டு அறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காலையில 6 மணிக்கே போய் இறங்குறோம். ரூம் தருவாங்களா?

சீசனில் தருவது கஷ்டம். அது மனசு இல்லாததால் இல்லை. முந்தைய இரவு எல்லா அறையும் நிறைந்திருக்கும்; அவர்கள் காலி செய்ய 11, 12 மணி ஆகும்; அதற்குப் பிறகு விரிப்பு மாற்றி, குளியலறை கழுவ வேண்டும். பத்து அறைக்கு இரண்டு பேர்தான் இருப்பார்கள். அதனால்தான் பல இடங்களில் செக்-இன் மதியம் 2 அல்லது 3 மணி. சில ஹோட்டல்களில் நீங்கள் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கு வைப்பார்கள். எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு வழி சொல்கிறேன். முந்தைய நாள் போன் செய்து, சீக்கிரம் வருகிறோம் என்று சொல்லி வையுங்கள். காலையில் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு எந்த அறையை முதலில் முடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போகும். உங்கள் அறை அதில் மேலே ஏற வேண்டுமானால், பட்டியல் எழுதும் முன்பே ரிசப்ஷனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எப்படியும் அறை கிடைக்காது என்றால் பெட்டிகளை ரிசப்ஷனில் வைத்து டோக்கன் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடலாம். முகம் கழுவ, உடை மாற்ற பொதுக் குளியலறை இருக்கிறதா என்று கேளுங்கள். பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒரு செட் துணியும் பெட்டியின் அடியில் போகாமல் கைப்பையில் இருக்கட்டும்.

ரூமுக்குள்ள போனதும் முதல்ல எதைப் பார்க்கணும்?

பெட்டியைப் பிரிக்காதீர்கள். கட்டில் மேலும் வைக்காதீர்கள். குளியலறை ஓரத்தில் டைல்ஸ் தரையில் வைத்துவிட்டு ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தக் கால் மணி நேரத்தில் சொல்லும் குறைக்கு வேறு அறை கிடைக்கும். மறுநாள் காலை சொன்னால், ராத்திரி தங்கினீர்களே என்பார்கள்.

முதலில் படுக்கை. தலைமாட்டுப் பக்க மூலையில் விரிப்பைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தை போன் டார்ச் அடித்துப் பாருங்கள். தையல் மடிப்பில் மை சிந்தின மாதிரி கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால், கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னாலும் பாருங்கள். அது மூட்டைப்பூச்சியின் எச்சம். அடுத்து வெந்நீர்க் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் விடுங்கள். உடனே சூடாக வராது, விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அது ஓடும்போதே ஃப்ளஷ்ஷை அழுத்தி, தண்ணீர் திரும்ப நிறைகிறதா என்று கவனியுங்கள். ஏசி, விளக்கு, பிளக், ரிசப்ஷனுக்கு இன்டர்காம் எல்லாம் ஒரு தடவை. கதவை உள்ளேயிருந்து பூட்டித் திறந்து பாருங்கள். ஜன்னல் கொக்கியையும் விட வேண்டாம்.

கடைசியாக, தீப்பிடித்தால் வெளியேறும் வழியைக் காட்டும் வரைபடம் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து, தாழ்வாரத்தில் இறங்கி அவசர வழி வரை நடந்து பாருங்கள். நடுவில் எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகை சூழ்ந்தால் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டு எண்ணித்தான் போக வேண்டியிருக்கும். அந்த வழிக் கதவு பூட்டியிருந்தாலோ சாமான் அடுக்கி அடைத்திருந்தாலோ நான் அங்கே தங்க மாட்டேன். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

மூட்டைப்பூச்சி இருந்தா என்ன பண்றது? வீட்டுக்கும் வந்துடுமா?

வரலாம், அதனால்தான் பெட்டியைத் தரையில் வைக்கச் சொன்னேன். வளர்ந்த பூச்சி கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர், பழுப்பு நிறம், தட்டையாக இருக்கும். நோய் பரப்புவதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனால் அரிப்பும் தூக்கக் கேடும் போதாதா? ரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அழுக்கு ஹோட்டலுக்குத்தான் வரும் என்பதும் சரியில்லை. தங்குகிறவர்களின் பெட்டிகளில் ஏறித்தான் ஊர் விட்டு ஊர் போகிறது. விலை கூடின ஹோட்டலுக்கும் அப்படியே போகும்.

கண்ணில் பட்டதும் படம் எடுத்து ரிசப்ஷனில் காட்டி வேறு அறை கேளுங்கள். பக்கத்து அறையோ, நேர் மேலே கீழே உள்ள அறையோ வேண்டாம், சுவர் விரிசல் வழியாக அங்கேயும் போயிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை வெளியிலேயே திறந்து, துணிகளை நேராகத் துவைக்கப் போடுங்கள். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் முட்டையும் சாகும். துவைக்க முடியாததை வெயில் படாத மூலையில் சுருட்டி வைக்காமல், பையில் இறுகக் கட்டி, பிறகு சூடான உலர்த்தியில் போடுங்கள்.

தனியா போறேன். பாதுகாப்புக்கு என்ன பார்க்கணும்?

ரிசப்ஷனில் உங்கள் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால், வேறு அறை கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். நல்ல ரிசப்ஷனிஸ்ட் எண்ணை எழுதிக் காட்டுவார். உள் தாழ்ப்பாள் இல்லாத அறையை எடுக்காதீர்கள். வெளிப் பூட்டுக்கு மாற்றுச் சாவி ஊழியர்களிடம் இருக்கும். கதவுக்கு அடியில் சொருகும் ஆப்பு ஒன்று பையில் இருந்தால் நல்லது. யாராவது தட்டி ரூம் சர்வீஸ் என்றால், திறப்பதற்கு முன் ரிசப்ஷனுக்குப் போன் செய்து கேளுங்கள். தரைத் தளமும், வெளி மாடியிலிருந்து எட்டக் கூடிய ஜன்னலும் வேண்டாம். அறையில் லாக்கர் இருந்தாலும் அதைத் திறக்கும் பொதுக் குறியீடு நிர்வாகத்திடம் உண்டு. பாஸ்போர்ட்டும் பணமும் உங்களோடு இருக்கட்டும்.

மறைவு கேமரா பயம் வீண் பயம் இல்லை. தென் கொரியாவில் 2019 மார்ச்சில், 10 நகரங்களில் 30 விடுதிகளின் 42 அறைகளில் கேமரா வைத்து சுமார் 1,600 பேரைப் படம் பிடித்து ஒளிபரப்பிய கும்பலைப் போலீஸ் பிடித்தது. டிவி பெட்டி, சுவர் பிளக், ஹேர் டிரையர் மாட்டி ஆகியவற்றில் ஒளித்து வைத்திருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலையும் குளியலறையையும் பார்த்தபடி இருக்கும் பொருட்கள் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். லென்ஸ் இருந்தால் புள்ளியாக மின்னும். இதில் எல்லாமே அகப்பட்டுவிடும் என்று சொல்ல முடியாது. சந்தேகம் வலுத்தால் எதையும் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு போலீஸுக்குப் போங்கள்.

ஐடி கேட்கிறாங்க. ஒரிஜினலைக் கொடுத்துட்டு வரலாமா?

காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. தங்குகிறவர் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது, அதனால் கேட்பது நியாயம். நகல் கொடுத்தால் அதன் மேல் குறுக்காக ஹோட்டல் பெயரும் தேதியும், தங்குவதற்கு மட்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். பாஸ்போர்ட்டை முன்பணம் மாதிரி பிடித்து வைக்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஃப்ரீ வைஃபைல பேங்க் வேலை பார்க்கலாமா?

பணம் அனுப்புவதை மொபைல் டேட்டாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு வைஃபை போதும். சரியான வைஃபை பெயரை ரிசப்ஷனில் கேட்டு இணையுங்கள். அதே பெயரில் ஓர் எழுத்து மாற்றி வேறு யாரோ திறந்து வைத்திருக்கலாம்.

குழந்தைங்க, பாட்டி எல்லாரும் வர்றோம். ஒரே ரூம்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா?

குழந்தைகளையும் சேர்த்து எண்ணி, வயதையும் போட்டுப் புக் செய்யுங்கள். இரண்டு பேர் என்று போட்டுவிட்டு ஐந்து பேராகப் போய் நின்றால், சீசனில் கூடுதல் படுக்கையே மிச்சம் இருக்காது. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்பது தீப் பாதுகாப்புக்காகவும் வைத்த வரம்பு. எந்த வயது வரை குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்பதும் ஹோட்டலுக்கு ஹோட்டல் வேறு.

இரண்டு அறை எடுத்தால், பக்கத்துப் பக்கத்து அறை என்று கேட்டால் பக்கத்தில்தான் தருவார்கள், நடுவில் கதவு இருக்காது. உள்ளே கதவு வைத்து இணைத்த அறை வேண்டுமென்றால் அப்படியே சொல்லிக் கேட்க வேண்டும். பாட்டிக்காக: லிஃப்ட் இருக்கிறதா என்பதோடு, வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்றும் கேளுங்கள். பல சின்ன ஹோட்டல்களில் ஏழெட்டுப் படி ஏறின பிறகுதான் லிஃப்டே வரும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, தரை வழுக்குமா என்பதும் அதே போனில் கேட்க வேண்டியது.

ராத்திரி சத்தத்துல தூங்கவே முடியல. முன்னாடியே தப்பிக்க வழி உண்டா?

உண்டு. லிஃப்டுக்கும் படிக்கட்டுக்கும் தள்ளி, ரோட்டைப் பார்க்காத, மேல் தள அறை என்று புக் செய்யும்போதே குறிப்பு எழுதுங்கள். அதை யாரும் படிக்காமல் போகலாம், அதனால் முந்தைய நாள் போன் செய்யும்போதும் சொல்லுங்கள். ஹோட்டலில் விழா மண்டபம் இருக்கிறதா, நீங்கள் தங்கும் நாளில் ஏதாவது நிகழ்ச்சி இருக்கிறதா என்று கேட்பது இன்னும் முக்கியம். சீசன் என்றால் அனேகமாக இருக்கும். காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான் கைவசம் இருக்கட்டும்.

கன்ஃபர்ம் ஆன ரூமுக்குப் போனா, ரூம் இல்லைன்னு சொல்றாங்க. இது எப்படி?

சிலர் வராமல் போவார்கள் என்ற கணக்கில், இருக்கும் அறைகளை விடக் கூடுதலாக விற்பது ஹோட்டல் தொழிலில் பழைய பழக்கம். சீசனில் எல்லோரும் வந்துவிட்டால் கணக்கு உதைக்கும். அப்போது அடிபடுவது பெரும்பாலும் கடைசியில் வருகிறவரும், ஓர் இரவுக்கு மட்டும் புக் செய்தவரும்தான். அதனால் ராத்திரி லேட்டாகத்தான் வருவீர்கள் என்றால், எத்தனை மணிக்கு என்று மாலையிலேயே போன் செய்து சொல்லிவிடுங்கள். நிச்சயம் வருகிறார் என்று தெரிந்த ஆளின் அறையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கை வராது.

நடந்தே விட்டதென்றால் கவுன்டரை விட்டு நகர வேண்டாம். கத்தவும் வேண்டாம். எதிரே நிற்கிறவர் பெரும்பாலும் அந்த முடிவை எடுத்தவர் இல்லை. பக்கத்து ஹோட்டல்களுக்குப் போன் போட்டு உங்களுக்கு இடம் பிடிக்கப் போகிறவர் அவர்தான். இதே தரத்தில் அல்லது மேலான தரத்தில் வேறு அறை, அங்கே போக வண்டி, விலை வித்தியாசம் அவர்கள் பொறுப்பு, இவை மூன்றையும் கேளுங்கள். ஆப்பில் போட்டிருந்தால் அங்கே நின்றபடியே அவர்களின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். நீங்களாகவே வேறு ஹோட்டலுக்குப் போய்விட்டால், நீங்கள்தான் வரவில்லை என்று பதிவாகிவிடும் அபாயம் உண்டு. அறை தர முடியவில்லை என்று எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

மூணு நாள் போட்டோம், ரெண்டு நாள்லயே கிளம்பணும். மிச்சப் பணம் கேட்கலாமா?

கேட்கலாம், கிடைப்பது ரத்து விதியைப் பொறுத்தது. செக்-இன் ஆன பிறகு தங்காத இரவுக்குப் பணம் தர வேண்டிய கட்டாயம் பல இடங்களில் இல்லை. ஆனால் கிளம்பும் நாள் காலையில் சொல்வதை விட, முந்தைய நாள் காலையில் சொன்னால் அறையை விற்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும். விற்றுவிட்டால் திருப்பித் தரும் மேனேஜர்கள் இருக்கிறார்கள்.

செக்-அவுட் அன்னைக்கு என்ன கவனிக்கணும்?

பில்லை முந்தைய ராத்திரியே கேட்டு வாங்கிப் பாருங்கள். காலையில் பத்துக் குடும்பம் ஒரே நேரத்தில் கவுன்டரில் நிற்கும். பின்னால் வண்டி ஹாரன் அடிக்கும். தப்பான தொகை ஒன்று பில்லில் ஏறியிருந்தால் கண்ணில் படாது. முடக்கி வைத்த பணத்தை விடுவித்தாயிற்றா என்றும் அப்போதே கேளுங்கள். அறையை விட்டு வரும்போது பிளக்குகளைப் பாருங்கள். விட்டுப்போகும் பொருட்களில் சார்ஜர்தான் முதலிடம். அடுத்து குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் துணி.

சொல்லியும் எதையும் சரி பண்ணல. பணத்தைத் திருப்பி வாங்க முடியுமா?

ஆதாரம் இருந்தால் முடியும். குறையைச் சொன்ன நேரம், யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதை ஹோட்டலுக்கே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். படமும் வீடியோவும் அதோடு போகட்டும். கிளம்புவதற்கு முன் மேனேஜரிடம் நேரில், முழுப் பணமும் என்று கேட்காமல், ஏசி ஓடாத ஓர் இரவுக்கு இவ்வளவு குறையுங்கள் என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். அளவாகக் கேட்டால் அங்கேயே முடித்துத் தருவார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான்.

அங்கே முடியாவிட்டால் அடுத்தது ஆப். அதுவும் இல்லையென்றால் கார்டு கொடுத்த வங்கி: சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று தகராறு பதிவு செய்யலாம். அதற்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போடக் கூடாது. மேலே எடுத்து வைக்கச் சொன்ன ஸ்கிரீன்ஷாட்டும், எழுத்தில் வாங்கச் சொன்ன உறுதியும் வங்கி முதலில் கேட்கும் காகிதங்கள். ரொக்கமாகக் கட்டியிருந்தால் இந்தக் கதவு இல்லை. அந்த நாட்டு நுகர்வோர் புகார் அமைப்பிடம்தான் போக வேண்டும்.